உப்பைக் கட்டப் போன கயிறு

பேரன்பும் பெருமதிப்பும் உரிய உம்மா அவர்களின் சமூகத்திற்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இக்கடிதம் இத்தனை பிந்தி வருகின்றமைக்கு முதற்கண் உங்கள் மன்னிப்பைக் கோருகின்றேன். உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு எழுதுவதாகவே எண்ணியிருந்தேன். பிறகு நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, மறுபடியும் நோன்பு வந்தது. நல்ல செய்தி ஒன்று சேரட்டும், அதன் பின்னர் எழுதலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது சேர்ந்திருப்பது நல்ல செய்திதானா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதை உறையிலிட்டு ஒட்டாமல், ஊர் வாசிக்கும் இடத்தில் வைத்து எழுதுகின்றேன். ஊர் ஏற்கெனவே பாதியைக் கதைத்து முடித்துவிட்டது. மீதிப் பாதியாவது பிழையில்லாமல் கதைக்கப்பட வேண்டும். என் தமிழைக் கேட்டால் “றேடியோவில செய்தி வாசிக்கிறவ வந்துட்டா” என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உங்கள் பின்னால் உப்பளத்துக்கு வந்தவள், சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களை விரித்து வைத்துச் சேர்த்த தமிழ் இது. இதை விட்டால் எனக்கு வேறு நகை கிடையாது.

விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். வாப்பா மறுமணம் செய்ய விரும்புகின்றார்.

இதை என்னிடம் சொல்ல வாப்பாவுக்கு வாய் வரவில்லை. உங்கள் தம்பி இப்றாஹிம் மாமாவை அனுப்பினார். மாமா வந்து கதிரையில் அமர்ந்து, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, தேநீரைப் பாதி குடித்த பிறகே வாயைத் திறந்தார்.

“மகள், கோவிக்கக் கூடாது. மச்சான் ஒரு நிக்காஹ் செய்ய நினைக்கிறாராம்.”

“யாருடைய மச்சான்?” என்றேன்.

“எனக்கு எத்தின மச்சான் இரிக்கி?”

உங்களுடன் கூடப் பிறந்தவரே இந்தத் தூதைச் சுமந்து வந்தார் என்பதுதான் என்னை அதிகம் சுட்டது. ஆனால் அவர் முகத்தில் வெட்கம் இருக்கவில்லை. “அவ உசிரோட இரிந்தா நான் வருவனா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த மாதின் பெயர் ஜெமீலா. நீங்கள் அவரைக் கண்டிருப்பீர்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுத் தோணியில் வந்தவர்களில் ஒருவர். நமது வீதிக் கோடியிலுள்ள குடியிருப்பில் தனியாக இருந்து, காலையில் அப்பம் சுட்டு விற்கின்றவர். கணவர் மௌத்தாகிப் பல காலம் ஆகின்றது. ஒரே மகள் கரைத்தீவில் வாழ்க்கைப்பட்டிருக்கின்றாள். நீங்கள் போன பிறகு வாப்பாவுக்கு வலது கால் இழுக்கத் தொடங்கியது. வைத்தியர் காலையில் நடக்கச் சொன்னார். வாப்பா நடந்தார். எங்கு போய் நின்றிருக்கின்றார் என்பதை நான் ஒரு வருடம் கழித்துத்தான் அறிந்தேன்.

நான் மறுத்தேன், உம்மா. ஊர் சொன்ன காரணங்களால் அல்ல. ஊர் வீடு போகும் என்றது, காணி போகும் என்றது. அவற்றை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் காரணம் வேறு. வாப்பா உப்பு வாரியவர். நீங்கள் உப்புச் சுமந்தவர். உங்கள் இருவரதும் பெற்றோர் அதே பாத்திகளில் நின்றவர்கள். கருமேகம் ஒன்று எழுந்தால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு ஓடிய வீடு நம்முடையது. மாமாவிடம் நான் சொன்னது இதுதான்: “உம்மாவின் இடத்துக்கு வருகின்றவருக்கு உப்புக் குவியல் ஒன்றைப் போர்த்தவாவது தெரிந்திருக்க வேண்டாமா?”

மாமா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பும்போதுதான் சொன்னார். “அப்ப உப்புக் கிட்டங்கிக்கே போவம். அங்க வெச்சுப் பரீட்சையை எடுங்க, பெரிய வாத்தியாரம்மா.”

அந்தக் கிட்டங்கி உங்களுக்கு நினைவிருக்கும். ஒல்லாந்தர் கால்வாய் ஓரத்தில், முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பெரிய கட்டடம். முன்னொரு காலத்தில் நமது பக்கத்து உப்பெல்லாம் அங்கே சேர்ந்து, வள்ளங்களில் ஏறி, கால்வாய் வழியே சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் அப்பாலும் போனது. நீங்கள் அதை வௌவால் வீடு என்பீர்கள். இப்போது துப்புரவாக்கி, வந்து பார்க்கின்றவர்களுக்காகத் திறந்து வைத்திருக்கின்றார்கள். முந்தல் பக்கத்து அந்தோனி என்பவர் தனது படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகின்றார்.

வீட்டில் சந்தித்தால் ஊர் கதைக்கும், கடையில் சந்தித்தால் ஊர் கதைக்கும், கால்வாயில் சந்தித்தால் கொக்குகள்தான் கதைக்கும் என்பது மாமாவின் கணக்கு.

நாங்கள் புறப்பட்ட அன்று மாரி மழை. இன்னொரு நாள் போகலாம் என்றேன். “நெருப்பா விழுகுது? தண்ணிதானே” என்றார் மாமா. அந்தோனியின் படகில் வளைத்த கம்பிகளின் மேல் நீலத் தறப்பாள் ஒன்று கட்டியிருந்தது. அதன் கீழ் வாப்பா ஒரு பக்கம், அந்த மாது மறுபக்கம். இருவருக்கும் நடுவில் நான் அமர்ந்தேன்.

“மதில் கட்டினாப்போல இரிக்கி” என்றார் மாமா.

“மதில் எண்டாலும் நல்ல மதில்தான். சாரல் அடிக்குதில்ல” என்றார் அந்த மாது. அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் கால்வாயைப் பார்த்தேன்.

சற்று நேரத்தின் பின்னர், முன்கூட்டியே நினைத்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். “உப்புக்கு எந்த நேரத்தில் ஓலைக் கிடுகு போட வேண்டும் என்பதைத் தாங்கள் அறிவீர்களா?”

“தெரியாது மகள்” என்றார், கொஞ்சமும் தயங்காமல். “மீனுக்கு எந்த நேரத்தில உப்புப் போடோணும் எண்டு தெரியும்.”

அந்தோனி விழுந்து விழுந்து சிரித்தார். வாப்பா வெளியே பார்த்தபடி இருந்தார். ஆனால் அவரது தோள் குலுங்கியதை நான் கண்டேன். உம்மா, உங்கள் மௌத்துக்குப் பிறகு வாப்பா சிரித்து நான் அன்றுதான் கண்டேன். அது எனக்குச் சந்தோசமாக இருக்கவில்லை. உண்மையைத்தான் எழுத வேண்டும்.

கிட்டங்கிக்குச் சற்று முன்னால் பழைய மதகு ஒன்று வருகின்றது. மேலே ஒற்றையடிப் பாலம், கீழே குறுகிய வாய். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துதான் அதைக் கடந்தோம். அந்தோனி மதகின் கல்லைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். “தண்ணி இன்னும் கொஞ்சம் ஏறினாலும் இதுக்குள்ளால போகேலாது அக்கா. ஒரு பார்வை பாத்துட்டுக் கெதியாத் திரும்போணும்.” ஓம் என்றேன். கேட்டுக்கொண்ட ஒன்றைக் கவனத்தில் எடுப்பது வேறு காரியம் என்பதை அப்போது நினைக்கவில்லை.

கரை சேற்றால் வழுக்கியது. வாப்பாவால் இறங்க இயலவில்லை. “நான் இங்கேயே இரிக்கேன், போய்ப் பாருங்க. எனக்குப் புதுசா காட்ட அங்க என்ன இரிக்கி?” என்றார். அந்தோனி படகின் மூக்கைச் சேற்றில் ஏற்றி, ஒரு கயிற்றால் கரையிலிருந்த கட்டையில் கட்டிவிட்டு, எஞ்சினுக்கு எண்ணெய் எடுக்கக் காவல்காரரின் கொட்டிலுக்குப் போனார்.

வாப்பாவுடன் அந்த மாது தனித்துப் படகில் இருப்பது முறையல்ல என்று சொன்னேன். நிக்காஹ் ஆகாத இருவர். அவர் மறுபேச்சின்றி இறங்கினார். ஆனால் கட்டடத்துக்குள் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு படகோரத்திலேயே நின்றார். “உள்ளே வாருங்கள்” என்றேன். “தோணியை விட்டிட்டு வர எனக்குக் கால் எழும்புதில்ல. நீங்க பாருங்க” என்றார். பரீட்சைக்குக்கூட வராத ஆள் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

உள்ளே உப்பு சுவரைத் தின்று வைத்திருக்கின்றது, உம்மா. ஆளுயரத்துக்குச் சுண்ணாம்பு கழன்று, முருகைக்கல் பல்லைப்போல் நிற்கின்றது. உப்பு நிறுத்த பெரிய தராசின் இரும்புக் கை துருப்பிடித்துத் தொங்குகின்றது. தள்ளுவண்டி ஓடிய தண்டவாளம் வாசல்வரை வந்து அப்படியே முடிகின்றது. நடுவில், பார்க்கின்றவர்களுக்கு விளங்கட்டும் என்று, உண்மையான உப்பைக் கொண்டுவந்து ஒரு குவியல் கொட்டியிருக்கின்றார்கள். அதன் முன்னால் ‘தொடாதீர்கள்’ என்றொரு பலகை.

மாமா பலகையை வாசித்துவிட்டு, குனிந்து ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டார். அந்த நேரம்தான் மழை இறுகியது. கூரையில் ஓடு கழன்ற இடம் ஒன்று இருந்திருக்கின்றது. அங்கிருந்து தண்ணீர் கயிறுபோல இறங்கி, நேராகக் குவியலின் உச்சியில் விழுந்தது. உச்சி குழிந்தது. குழியிலிருந்து கோடு ஒன்று கீழே இறங்கியது.

“உப்பு நனையுது!” என்று மாமா கத்தினார்.

அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டால் நமது கால்கள் நம்மிடம் கேட்பதில்லை. நான் பலகையை மறந்தேன், வந்த காரியத்தை மறந்தேன், என் வயதையும் மறந்தேன். மழைக்குள் ஓடினேன். படகருகே போய் “வாப்பா, உப்பு கரைகின்றது, தறப்பாள் வேண்டும்” என்றேன்.

வாப்பா ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஒரு காலில் எழும்பி நின்று, தன் தலைக்கு மேலிருந்த தறப்பாளைத் தன் கையாலேயே அவிழ்த்தார். “கெதியாக் கொண்டு போ மகள், கெதியா. உச்சியை முதல்ல மூடு” என்றார். மழை அவர் தலையில் ஊற்றியது.

“மழைக்குள்ள மனிசனை நனைய விட்டிட்டு உப்பை மூடப் போறீங்களா?” என்றார் அந்த மாது. குடையை வாப்பாவின் தலைக்கு நீட்டினார். தறப்பாள் இருந்தால் போதுமா? கட்டக் கயிறு வேண்டும். குனிந்து கட்டையிலிருந்த கயிற்றை அவிழ்த்தேன்.

“மகள், கயிறை எடுத்தா தோணி நிக்காது.”

நான் நிமிர்ந்து, முழு வாக்கியமாகச் சொன்னேன். “கால்வாய்த் தண்ணீர் ஓடாது. இது உங்கள் கடல் அல்ல.”

வாப்பாவும் ஆமோதித்தார். “ஓம், இது ஓடாது. நீ போ.”

உம்மா, நீங்கள் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். நமக்குத் தெரிந்த தண்ணீர் நிற்கின்ற தண்ணீர். பாத்தியில் விட்டால் பாத்தியில் நிற்கும், வெயிலில் நிற்கும், நின்று நின்று உப்பாகும். போகின்ற தண்ணீரோடு நமது குடும்பத்துக்கு என்ன பழக்கம்? அந்த மாது குடையை வாப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டேன்.

உப்பை மூடினோம். மாமா ஒரு நுனியும் நான் ஒரு நுனியுமாக இழுத்து, உச்சியை மூடி, அடியில் கல் வைத்து, சுற்றிக் கயிறு போட்டு, நீங்கள் காட்டித் தந்த முடிச்சை இறுக்கினேன். மாரிக் காற்றிலும் அவிழாத முடிச்சு. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சந்தோசம். “கை மறக்கல மகள்” என்றார். அந்தக் கணத்தில் நீங்கள் என் பக்கத்தில் நிற்பதுபோலவே இருந்தது. நான் வென்றுவிட்டேன் என்றும் இருந்தது.

சத்தம் கேட்டுக் காவல்காரர் வந்தார். சிங்களவர், ஆனால் நல்ல தமிழ். போர்த்திக் கட்டிய குவியலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “அம்மா, இது பார்க்க வெச்ச உப்பு. பழுதான உப்பு. கரைஞ்சா வேற ஒரு லொறி கொட்டுவாங்க” என்றார். பிறகு பணிவாகக் கேட்டார். “எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?”

மாமா வாயைத் திறந்தார். சிரிக்கத்தான் திறந்தார். அதற்குள் வெளியிலிருந்து குரல் வந்தது. அலறல் அல்ல. கடற்கரையில் ஆள் கூப்பிடுகின்ற நீண்ட குரல்.

“தோணி போகுது.”

ஓடிப் போய்ப் பார்த்தோம். கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ இறால் பண்ணைகளின் கதவுகளை மழைக்காகத் திறந்துவிட்டிருக்கின்றார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் ஒரே மூச்சில் இறங்கி வந்திருக்கின்றது. சேற்றில் ஏற்றி வைத்த படகின் மூக்கைத் தண்ணீர் மெதுவாகத் தூக்கி எடுத்துக்கொண்டது. படகு நடுக்கால்வாயில் பக்கவாட்டில் திரும்பி, மதகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் வாப்பா, கையில் குடையோடு, தறப்பாள் இல்லாத வெறும் கம்பிகளின் கீழ் அமர்ந்திருந்தார். மதகின் வாயில் தண்ணீர் கல்லைத் தொட்டுச் சுழன்றது. காலையில் குனிந்து வந்த இடைவெளி இப்போது இருக்கவில்லை.

அந்த மாது படகின் விளிம்பை விட்டிருக்கவில்லை. கரையிலிருந்து அவரை அது இழுத்துக்கொண்டே போயிருக்கின்றது. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. கறுப்பு அபாயா தண்ணீரில் விரிந்து கிடந்தது. கால் நிலத்தில் பட்டதா படவில்லையா, தெரியாது. வாப்பா அவரிடம் ஏதோ சொன்னார். பிறகு கேட்டபோது, “என்னை விட்டுப்போட்டுக் கரைக்குப் போங்க எண்டு சொன்னேன்” என்றார். அதற்கு அவர், “வாயை மூடிக்கொண்டு குந்துங்க” என்றாராம்.

கால்வாய் வளைகின்ற இடத்தில் கண்டல் மரங்கள் சரிந்து நிற்கின்றன. அவர் படகை அந்தப் பக்கமாக உதைத்துத் தள்ளி, ஒரு கையைக் கண்டல் கிளையில் கோத்துக்கொண்டார். மறு கை படகில். அப்படியே நின்றார். படகு அவரை இரண்டாகக் கிழிப்பதுபோல இழுத்தது.

அந்தோனி எண்ணெய்க் கலனைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “கயிறு” என்றார். “கயிறு எங்க?”

என்னைத்தான் பார்த்துக் கேட்டார். கயிறு உப்பைக் கட்டிக்கொண்டு உள்ளே இருந்தது.

நான் ஓடினேன். முடிச்சில் விரலை வைத்தேன். நனைந்த நைலோன் கயிறு, உங்கள் முடிச்சு, என் வைராக்கியம் முழுவதையும் வைத்து இறுக்கியது. அசையவில்லை. நகம் மடிந்தது. பல்லால் கடித்தேன். உப்புக் கரித்தது. வெளியே மாமா என் பெயரைச் சொல்லிக் கத்துகின்றார். அந்த நேரத்தில் எனக்குக் கேட்டது உங்கள் குரல். ஆசுபத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து நீங்கள் சொன்னது. “வாப்பாவைப் பாத்துக்கொள்.” நான் ஓம் என்றேன் அல்லவா? நீங்கள் பிடித்திருந்த அதே கையால்தான் அன்று அந்தக் கயிற்றை அவிழ்த்தேன். அதே கையால் இப்போது அவிழ்க்க முடியாமல் நின்றேன்.

காவல்காரர் கத்தியோடு வந்து, என்னை விலக்கி, இரண்டு இடத்தில் வெட்டினார். உங்கள் முடிச்சு அவிழாமலே தரையில் விழுந்தது.

அந்தோனி கயிற்று நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கண்டல் வேர்களுக்குள்ளால் இறங்கி, படகின் வளையத்தில் மாட்டினார். மாமாவும் காவல்காரரும் நானும் கரையிலிருந்து இழுத்தோம். படகு சேற்றில் ஏறும்வரை அந்த மாது கிளையை விடவில்லை. ஏறிய பிறகும் விடவில்லை. அந்தோனிதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். கண்டலில் ஒட்டியிருந்த சிப்பிகள் அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோலை உரித்து எடுத்திருந்தன.

வாப்பாவை இருவராகத் தூக்கிக் கரையில் வைத்தோம். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது: “உப்பு நனைஞ்சிட்டா?”

“உப்பாம்” என்றார் அந்த மாது. பல் கிடுகிடுக்கச் சேற்றில் இருந்தபடியே வாப்பாவைப் பார்த்தார். “உப்பாம், உப்பு. ஒங்கட உப்பைக் கொண்டுபோய்க் கடல்லயே கொட்டுங்க. வந்த இடத்துக்கே போகட்டும்.”

வாப்பா சிரித்தார். மழையில், சேற்றில், கால் இழுத்தபடி. மாமா சிரித்தார். காவல்காரரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதை மழை மறைத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

கொட்டிலில் காவல்காரர் பிளேன்டீ ஊற்றித் தந்தார். ஆளுக்கு ஒரு துண்டு சர்க்கரை. நான் என் முக்காட்டுத் தாவணியைக் கிழித்து அந்த மாதின் கையைச் சுற்றினேன். அவர் என் நகத்தைப் பார்த்தார். “உனக்கும் இரத்தம் வருகுது” என்றார். எனக்குத் தெரிந்த பெரிய சொற்களெல்லாம் அந்த நேரம் எங்கே போயின என்று தெரியவில்லை. “கயிறை எடுத்திட்டேன்” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் தேநீரை ஊதிக் குடித்தார். பிறகு சொன்னார். “மழை வந்தா நீங்க உப்பைப் பாப்பீங்க. எங்கட ஊரில மழை வந்தா முதல்ல தோணியைப் பாப்பம். மன்னாரை விட்டுக் கற்பிட்டிக்கு வந்து இறங்கும் மட்டும் நான் தோணிக் கயிறைக் கையால விட்டதில்ல. அந்தப் பழக்கம் போகுதில்ல. அவ்வளவுதான் மகள். இதில உன்ர பிழை என்ன, என்ர கெட்டித்தனம் என்ன?”

தண்ணீர் வற்றும்வரை படகால் மதகைக் கடக்க இயலவில்லை. முச்சக்கர வண்டி இரண்டை அழைப்பித்துப் பாதை வழியே திரும்பினோம். வாப்பாவும் நானும் ஒன்றில். மாமாவும் அந்த மாதும் மற்றதில். வழி நெடுக வாப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அவ கையை விட்டிருக்கலாம் மகள்.” சற்றுத் தூரம் போன பிறகு மறுபடியும் அதையே சொன்னார்.

வாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி, இரண்டு தடவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். எனக்கு உயிரே போய் வந்தது. இப்போது அல்ஹம்துலில்லாஹ், எழும்பி அமர்ந்து கஞ்சி குடிக்கின்றார், கஞ்சியில் உப்புக் குறைவு என்று குறையும் சொல்கின்றார். அந்தோனிக்குப் புதுக் கயிறு வாங்கிக் கொடுத்தாயிற்று. வாங்கிக்கொண்டு, “இதை உப்புக்குக் குடுக்காதீங்க அக்கா” என்றார். காவல்காரர் தறப்பாளை மடித்து அனுப்பியிருந்தார். உங்கள் முடிச்சும் அதற்குள் இருந்தது. அதை நான் வைத்திருக்கின்றேன்.

ஊர் கதைக்கின்ற பாதி இதுதான்: அந்த மாது வாப்பாவைக் கால்வாய்க்கு அழைத்துப் போய், மழையில் நனைய வைத்து, சாகக் கிடத்திவிட்டார் என்று. மீதிப் பாதியை நான் மேலே எழுதிவிட்டேன். கயிற்றை அவிழ்த்தவள் மர்ழியா. வாசிக்கின்றவர்கள் பெயரைச் சரியாகச் சொல்லட்டும்.

அந்த மாது வாப்பாவைப் பார்க்க ஒரு நாளும் வரவில்லை. அப்பக் கடையையும் பூட்டிவிட்டுக் கரைத்தீவில் மகளின் வீட்டுக்குப் போய்விட்டார். மாமா போய்க் கேட்டபோது, “அந்தப் பிள்ளை ஓம் எண்டு சொல்லாமல் நான் அந்த வாசலுக்கு வரமாட்டன். தாயை இழந்த பிள்ளை, அதுக்கு முதலிடம் குடுங்க” என்றாராம். பிள்ளை. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, உம்மா. உங்களுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வாப்பா என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. காலையில் வாசலில் கதிரையைப் போட்டு வீதிக் கோடியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். மழை இருட்டினால் எழும்பி உள்ளே வருகின்றார். முன்பு அவர் வானத்தைப் பார்த்தால் உப்பை நினைக்கின்றார் என்று எனக்குத் தெரியும். இப்போது எதை நினைக்கின்றார்?

நேற்று உங்கள் அலுமாரியைத் திறந்தேன். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. மேல் தட்டை அப்படியே விட்டுவிட்டேன். கீழ்த் தட்டிலிருந்த சேலைகளை மேலே அடுக்கி, கீழ்த் தட்டைத் துடைத்து வெறுமையாக வைத்திருக்கின்றேன். அதற்கு மேல் செய்ய எனக்குக் கை வரவில்லை. இதில் உங்களுக்கு மனத்தாங்கல் இருக்குமா? இருந்தால் மறைக்க வேண்டாம். நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் ஒன்றையும் மறைத்ததில்லை.

வருகின்ற வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு, மாமாவை அழைத்துக்கொண்டு நான் கரைத்தீவுக்குப் போகின்றேன். யாரையும் தூதனுப்பாமல், நானே அவர் மகளின் வாசலில் நின்று, அவரை நமது வீட்டுக்கு அழைப்பேன். உங்களுக்கு நான் தருகின்ற வாக்கு இது. வாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். என் கை மட்டும் அதற்குப் போதாது என்பதைக் கண்டுகொண்டேன். மையவாடியில் நீங்கள் அடங்கிய இடத்துக்கு வாப்பா வெள்ளி தவறாமல் வருவார். நடக்க முடியாத வெள்ளிகளில் அவர் சார்பில் நான் வருவேன். அந்த ஏற்பாட்டில் மாற்றம் எதுவும் இராது.

ஒரு காரியம் மாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. அந்த வாசலில் நின்று அவரை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? ‘உம்மா’ என்பது உங்களோடு அடங்கிவிட்டது. அதை எடுத்துக் கொடுக்க என்னால் இயலாது, அவரும் கேட்க மாட்டார். மாமா ‘சாச்சி’ என்று கூப்பிடச் சொல்கின்றார். உங்கள் தங்கையாக ஒருவர் வருவதில் உங்களுக்குச் சம்மதமா? ‘சாச்சி’ என்று அடுப்படியில் யாரும் இல்லாதபோது ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வாய் கூசவில்லை. ஆயினும் நீங்கள் சொல்லாமல் ஒருவர் முன்னிலையில் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. கனவிலாவது வந்து, ஒரு சொல்லில் பதில் தந்தால் போதும். தயவுசெய்து சுணக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
மர்ழியா